கணிப்பொறி சொன்னால் போதுமா?

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயில் வாசலில் ஒரு கூட்டம் கூடிற்று. கூழ் வார்ப்பது பற்றிய கூட்டமன்று அது. தெருக்கோடி வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதை எடுக்கச் சொல்வதா, இருக்க விடுவதா என்பதே அன்றைய பேச்சு.

டவர் வந்த சில மாதங்களில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்குத் தலையில் கட்டி என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ‘எல்லாம் அந்த டவரால் வந்த வினை’ என்றனர் ஒரு சாரார். மாடியை வாடகைக்கு விட்டவரோ, வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபின் நிலையான வருமானம் இல்லாதவர். டவர் வாடகையில்தான் அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். ‘என் பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொல்கிறீர்களா?’ என்று அவர் கேட்டபோது எவரும் வாய் திறக்கவில்லை.

அவ்வேளை டவர் நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தவர் ஒரு தாளை விரித்துக் காட்டினார். எங்கள் தெருவின் வரைபடம் அது. அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் பூசியிருந்தன. ‘கணிப்பொறியில் போட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் தெரு முழுவதும் பச்சைதான். பயப்பட ஒன்றுமில்லை’ என்றார். அதில் ஒரு படி கேட்டோம். அலுவலகக் காகிதம், தர இயலாது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஆயா என் பக்கம் திரும்பினார். ‘ஏம்பா, நீதான் காலேஜுல இதெல்லாம் படிக்கிறியே. அவரு சொல்றது நெசமா, பொய்யா? நீ சொல்லு, நாங்க கேட்டுக்கறோம்.’

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தெருவில் இயற்பியல் படிக்கிற ஒரே ஆளும் நான்தான். அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. ‘தெரியவில்லை, ஆயா’ என்று சொல்லித் தலைகுனிந்தேன். அந்தத் தலைகுனிவே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெற்றிடத்தில் படித்த பாடம்

மின்காந்தவியலில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். முடிவிலா நீளமுள்ள கம்பியின் மின்புலம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தோழர்களே, முத்தியால்பேட்டையில் முடிவிலா நீளமுள்ள கம்பி எங்கே இருக்கிறது? நாம் படிக்கும் அலைகள் வெற்றிடத்தில் செல்கின்றன. எங்கள் தெருவிலோ செங்கற்சுவர் உண்டு, தகரக் கூரை உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, வேப்பமரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அத்தனையும் நனைந்து கிடக்கும். நீர் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது. ஆகவே மழைக்காலத்துச் சுவரும் சித்திரை மாதத்துச் சுவரும் ஓர் அலைக்கு ஒரே சுவர் அல்ல.

1865-ஆம் ஆண்டில் மாக்ஸ்வெல் வெளியிட்ட சமன்பாடுகள் வெற்றிடத்துக்கும் பொருந்தும், எங்கள் தெருவுக்கும் பொருந்தும். சமன்பாட்டில் குறையில்லை. வளைந்து நெளிந்த உலகத்துக்கு அதைக் காகிதத்தில் தீர்க்க இயலாது என்பதே சிக்கல். அதற்குத்தான் கணிப்பொறி வந்தது. 1966-இல் கேன் யீ என்பவர் ஒரு வழி சொன்னார். இடம் முழுவதையும் சிறுசிறு கட்டங்களாக வெட்டு. காலத்தையும் சிறுசிறு துளிகளாக வெட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலமும் காந்தப்புலமும் அடுத்த நொடித்துளியில் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே போ. கோலத்துக்குப் புள்ளி வைத்து இழை இழுப்பது போன்றதுதான். ஒரு புள்ளிக்கு அதன் அண்டைப் புள்ளிகள் தெரிந்தால் போதும்.

ஆனால் எத்தனை புள்ளி? 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். கட்டம் அதில் பத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். அதாவது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம் என்று எங்கள் தெருவை எடுத்துக்கொண்டால் 81 கோடிக் கட்டங்கள் வருகின்றன! ஒவ்வொன்றிலும் ஆறு எண்கள். ஒரு தெருவுக்கே இப்படியென்றால் ஒரு நகரத்துக்கு?

ஆகவே நடைமுறையில் சுருக்குவழிகள் வந்தன. அலையை ஒளிக்கதிர் போலப் பாவித்து, எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்புகிறது என்று பின்தொடர்வது ஒரு வழி. வாய்க்காலுக்குக் கிழக்கே சதுரங்கப் பலகை போல் நேர்த்தெருக்கள் ஓடும் நம் புதுவைக்கு அது பொருத்தமாகவே இருக்கும். மற்றொரு வழி, ஏற்கெனவே அளந்து வைத்ததைச் சூத்திரமாக்கிக் கொள்வது. ஜப்பானில் ஒக்குமுரா என்பவரும் உடனிருந்தவர்களும் டோக்கியோ பகுதியில் அளந்து 1968-இல் வெளியிட்ட வரைபடங்களை, 1980-இல் ஹாட்டா என்பவர் எளிய சூத்திரங்களாக்கினார். உலகெங்கும் செல்போன் அலை எவ்வளவு தூரம் எட்டும் என்று கணிக்க அச்சூத்திரமும் அதன் வழிவந்தவையும் பெரிதும் பயன்பட்டிருக்கின்றன. நல்ல சூத்திரம்தான். ஆனால் டோக்கியோவின் தெருவில் திண்ணை இல்லை. சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர் இல்லை.

கணிப்பொறி வரைந்த வண்ணப்படம் ஒன்றைப் பார்க்கும்போது நாம் கேட்கவேண்டியது இதுதான்: இதில் என் தெரு எவ்வளவு இருக்கிறது, டோக்கியோ எவ்வளவு இருக்கிறது?

நான் போட்ட கணக்கு

கூட்டம் முடிந்த பிறகு நம் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் போய் நின்றேன். ‘முதலில் கையால் கணக்குப் போடு, பிறகு கணிப்பொறிக்குப் போகலாம்’ என்றார். போட்டேன். நிறுவனத்தின் எண்கள் எங்களுக்குக் கிடைக்காததால், வழக்கமான எண்களை வைத்துக்கொண்டேன்.

ஓர் ஆன்டெனாவுக்குச் செல்லும் திறன் 20 வாட். ஆன்டெனா அதை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரு பக்கமாகக் குவிப்பதால், அந்தத் திசையில் 50 மடங்கு எனக் கொண்டேன். ஆக 1,000 வாட் போல. அந்த நேர்திசையில் 50 மீட்டர் தள்ளி ஒரு மூன்றடுக்கு மாடி இருக்கிறது. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 32 மில்லிவாட் விழும். தரையின் எதிரொளிப்புக்காகப் பொறியாளர்கள் புலத்தை 1.6 மடங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அப்படி வைத்தால் திறன் 2.56 மடங்காகி, 81 மில்லிவாட்.

வரம்பு என்ன? உடலைச் சூடாக்கும் விளைவை அடிப்படையாகக் கொண்டு பன்னாட்டு ஆணையம் ஒன்று வகுத்த வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட். நம் நாடு 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 450 மில்லிவாட் என்று வைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு அதைப்போல் இரு மடங்கு.

‘81 எங்கே, 450 எங்கே! பச்சைதானே!’ என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். விரிவுரையாளர் கேட்டார்: ‘கம்பத்தில் ஓர் ஆன்டெனாதானா?’ போய் அண்ணாந்து எண்ணினேன். அந்தத் திசையில் மட்டும் ஆறு. மூன்று 900-இலும் மூன்று 1800-இலும், எல்லாம் முழுத் திறனோடு எப்போதும் இயங்குவதாகவும் கொண்டால், வரம்பில் நூற்றுக்கு 81 பங்கு வருகிறது. வரம்புக்குள்தான். ஆனால் பச்சை என்று சொல்லிப் பைக்குள் மடித்துவைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டவருக்கு நேர்கீழே உள்ள வீட்டைத்தான் தெருவே பாவம் பார்க்கிறது. விளக்கடியில் இருட்டு என்பது பழமொழி. ஆன்டெனாவுக்கும் அது பொருந்தும். அதன் கற்றை மேலும் கீழும் சில பாகைக்குள் அடங்கி முன்னோக்கிப் போகிறது. கற்றைக்கு வெளியே, தரைமட்டத்தில், நூறில் ஒரு பங்கே இருக்கக்கூடும். தலையில் கட்டி வந்த பெரியவரின் வீடு தரைமட்டத்தில் இருக்கிறது. யாரும் கவலைப்படாத அந்த மூன்றாம் மாடியில்தான் கணக்குப்படி மிகுதி.

பிறகு கணிப்பொறிக்குப் போனோம். 81 கோடிக் கட்டம் நம் ஆய்வகப் பொறிக்கு ஆகாது. ஆனால் தெருவின் நீளவாக்கில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே ஒரு குறுக்குவெட்டை எடுத்தால் 13,50,000 கட்டங்கள்தான். இலவசமாகவே கிடைக்கும் ‘மீப்’ என்ற மென்பொருளில் அதைச் செய்தோம். முதலில் சுவரில்லாமல் ஓட்டினோம். படம் குளத்தில் கல் போட்டதுபோல் அழகாக இருந்தது. பிறகு மூன்றாம் மாடிச் சுவரை வைத்தோம். போன அலையும் திரும்பிய அலையும் மோதிச் சுவருக்கு முன்னால் வரிவரியாகப் பட்டைகள் எழுந்தன. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 17 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு சாணுக்கும் குறைவு. நன்றாக எதிரொளிக்கும் பரப்பு ஒன்றின் முன் புலம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும். பட்டைக்கு நடுவிலோ ஏறத்தாழ ஒன்றுமிராது.

அன்று எனக்கு ஓர் உண்மை உறைத்தது. அளக்கும் கருவியை நம்பு, கணக்கை நம்பாதே என்று சொல்வதும் தவறு. கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வேறு எண் காட்டும். எங்கே, எத்தனை இடத்தில், எவ்வளவு நேரம் பிடிக்கவேண்டும் என்பதைக் கணக்குதான் சொல்லவேண்டும். கணக்கு சரியா என்பதைக் கருவிதான் சொல்லவேண்டும்.

புயலுக்கு ஒரு நியாயம், டவருக்கு ஒரு நியாயமா?

‘படிக்காத மக்கள், வீண் பயம்’ என்று நம்மில் சிலர் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெரு கணிப்பொறியை நம்பாத தெரு என்று எண்ணாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் நம் ஊரருகே கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டிற்று. இரண்டுக்கும் முன்னறிவிப்பு தந்ததில் கணிப்பொறி மாதிரிகளுக்குப் பங்குண்டு. ஆயா அதைக் கேட்டுத்தான் அரிசியைப் பரண்மேல் ஏற்றினார். மின்காந்த அலையைவிடக் காற்றும் மழையும் எளியவை அல்ல. பின் எதனால் அங்கே நம்பிக்கை, இங்கே ஐயம்?

புயல் கணிப்பு நாள்தோறும் ஊரறியச் சொல்லப்படுகிறது. நாள்தோறும் கடலிலும் வானிலும் அளந்து திருத்தப்படுகிறது. தப்பினால் மறுநாள் காலை டீக்கடையில் எல்லாரும் சொல்லிக் காட்டுவார்கள். ஃபெஞ்சலின் கணிப்பும் நாளுக்கு நாள் மாறிற்று. அதற்காக யாரும் வானிலை அறிவியலையே வெறுத்துவிடவில்லை. டவரின் கணக்கோ ஒருமுறை போடப்படுகிறது. நிறுவனம் தானே போட்டு, தானே சான்றளித்து அரசிடம் தருகிறது. அரசு அவற்றில் ஒரு பகுதியைத்தான் நேரில் சரிபார்க்கிறது. அந்த வீதியில் வாழ்கிறவன் கண்ணுக்கு அது வருவதே இல்லை. சரிபார்க்க வழியில்லாத கணக்கை நம்பு என்று கேட்பது அறிவியலாகாது. அது பூசாரி வாக்கு!

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018-இல் வந்த 2.0 திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, செல்போன் அலையால் பறவைகள் மடிவதை அறிவியல் முடிந்த முடிபாகவே சொல்லிவிட்டது என்று நம்புகிறவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற ஐயத்துக்குரிய வரிசையில் வைத்தது. அது தீர்ப்பன்று, ஐயம். 2024-இல் அவ்வமைப்பின் பணிப்பில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. தெருவில் ஒருவருக்கு வந்த நோயைக் கொண்டு டவரைக் குற்றவாளியாக்க அறிவியலில் இடமில்லை. டவரை அகற்றிவிட்டால் ஒன்று நிச்சயம். தொலைவிலுள்ள வேறு டவரை எட்டுவதற்காக நம் காதோரம் இருக்கும் செல்போன் தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். கோடி வீட்டு மாடியிலிருந்த தீயை மடியில் கட்டிக்கொண்ட கதையாகும் அது.

ஆயினும் பயப்படுகிறவரிடம் இத்தனையும் சொல்லிவிட்டு, ‘ஆகவே வாயை மூடு’ என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயா கேட்டது உலகத்து டவர்களைப் பற்றியன்று. இந்தத் தெருவைப் பற்றி, இந்த வீட்டைப் பற்றி. அதற்குப் பதில் இங்கே அளந்துதான் சொல்லவேண்டும்.

செய்யத்தக்கன

என் கருத்து இதுதான். எந்தத் தெருவில் டவர் வருகிறதோ அந்தத் தெருவில், அதற்காகப் போட்ட கணக்கைத் தமிழில், எந்த எண்களைக் கொண்டு போட்டார்கள் என்பதோடு சேர்த்து ஒட்டவேண்டும். எத்தனை ஆன்டெனா, எவ்வளவு வாட், எந்தத் திசை, சுவரை எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். டவர் இயங்கத் தொடங்கிய பின் அளந்த எண்ணைப் பக்கத்திலேயே எழுதவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பயம் தானே அகலும். ஒத்துப்போகாவிட்டால் அதை முதலில் அறியவேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்.

இரண்டாவது, நம் போன்ற அரசுக் கல்லூரிகள் இதில் நடுவராக நிற்கவேண்டும். எங்களில் பலர் இந்தத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். அளவீட்டுக் கருவி ஒன்று துறையில் இருந்தால், மூன்றாம் ஆண்டு செய்முறையில் முடிவிலாக் கம்பியோடு முத்தியால்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுவிட்டுப் போய் அளக்கட்டும், தவறட்டும், ஏன் தவறியது என்று தேடட்டும். நனைந்த சுவரா, எண்ணத் தவறிய ஆன்டெனாவா என்று கண்டுபிடிக்கட்டும். அதைவிடச் சிறந்த மின்காந்தவியல் பாடம் எதுவென எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். 2017 மே மாதம் மைய அரசு தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ என்ற ஏற்பாட்டின்படி, பொதுமக்கள் 4,000 ரூபாய் கட்டிக் கதிர்வீச்சை அளக்கக் கோரலாம். தனி ஒருவருக்கு அது பெருந்தொகை. நாற்பது வீட்டுக்கு வீடு நூறு ரூபாய். நானும் என் நண்பர்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். டவரை எடுக்கவேண்டும் என்றவர்களும் கொடுத்தார்கள். இருக்கட்டும் என்றவர்களும் கொடுத்தார்கள். மாடி வீட்டுக்காரர் தம் நூறைத் தாமே கொண்டுவந்து தந்தார். இதை எழுதும் நாளில் இருபத்தேழு வீட்டுப் பணம் ஆயா வீட்டு மஞ்சள்தூள் டப்பாவில் இருக்கிறது.

அளப்பதற்கு முன்பே என் கணிப்பை இங்கே அச்சில் ஏற்றிவிடுகிறேன். பெரியவர் வீட்டு வாசலில் சதுர மீட்டருக்கு 10 மில்லிவாட்டுக்குக் குறைவாக இருக்கும். மூன்றாம் மாடியில் வரம்பைத் தாண்டாது. ஆனால் தெருவிலேயே அங்கேதான் மிகுதியாக இருக்கும். அளவீடு வந்ததும் அதைக் கோயில் வாசலில் ஒட்டுவோம். நான் சொன்னது பிழையென்றால், எங்கே பிழைத்தேன் என்பதை ஆயாவிடம் முதலில் சொல்வேன். ஆசிரியர் குழு இடம் தந்தால் அடுத்த ஆண்டு மலரிலும் எழுதுவேன்.

இன்னும் பதின்மூன்று வீடுகள் பாக்கி.